பில்லில் எண் இருக்கிறது, அடுப்படியை யார் பார்த்தது?

பன்னிரண்டு லட்சத்தை 365-ஆல் வகுத்தால் 3,288 வரும். உணவுத் தொழில் செய்பவர் சிறு வியாபாரியா, உரிமம் எடுக்க வேண்டியவரா என்பதைத் தீர்மானிக்க 2011-ல் வந்த விதிமுறைகள் போட்ட கோடு அதுதான்: ஆண்டு விற்றுமுதல் 12 லட்சம் ரூபாய். அதற்குள் இருந்தால் ஆண்டுக்கு 100 ரூபாய் கட்டிப் பதிவுச் சான்று வாங்கினால் போதும் என்றிருந்தது. தாண்டினால் மாநில உரிமம். கோடு போட்டவர்கள் லாபத்தைப் பார்க்கவில்லை, கல்லாவில் விழும் மொத்தப் பணத்தைப் பார்த்தார்கள். பேருந்து நிலையத்தை ஒட்டிய டீக்கடையில் விடிகாலை பாய்லர் கொதிக்கத் தொடங்கினால், டீ 15 ரூபாய், வடை 10 ரூபாய் என்று மதியத்துக்குள்ளேயே 3,288-ஐத் தொட்டுவிடலாம். பாலுக்கும் சிலிண்டருக்கும் மாஸ்டர் சம்பளத்துக்கும் கொடுத்தது போக, இரவு கடையடைக்கும்போது கையில் நிற்பது சில நூறுகள்தான்.

கோட்டுக்கு அந்தப் பக்கம் இன்னும் விசித்திரம். அதே விதிமுறைகளின்படி மாநில உரிமத்தின் எல்லை 12 லட்சத்தில் தொடங்கி 20 கோடி வரை நீண்டது. நாளுக்கு மூவாயிரத்துச் சொச்சத்துக்கு விற்கும் டீக்கடையும் ஐந்து லட்சத்துக்கு விற்கும் பிரியாணிக் கடையும் ஒரே பட்டியலில் நின்றன. நட்சத்திர ஓட்டல்களை விட்டுவிட்டால் இருவருக்கும் ஆண்டுக் கட்டணம் அதே 2,000 ரூபாய். தண்டனைக்கும் இந்தக் கோடுதான் அளவுகோலாக இருந்தது. உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம் 2006-ல் இயற்றப்பட்டபோது அதன் 63-ஆம் பிரிவு, உரிமம் இல்லாமல் தொழில் செய்பவருக்கு ஆறு மாதம் வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்றது. பதிவு மட்டும் போதுமான சிறு வியாபாரிக்கு அதிலிருந்து விலக்கு. அதாவது, கைப்பக்குவத்தால் கூட்டம் சேர்ந்த ஒரு வடைக் கடைக்காரர், அன்று தனக்கே தெரியாமல் சிறைத் தண்டனைக்குரிய எல்லைக்குள் கால் வைத்திருப்பார்.

இந்தத் தொகை ஒரு பத்தாண்டுக்கும் மேல் அசையாமல் கிடந்தது. அதற்குள் டீ விலை எங்கிருந்து எங்கே போனது என்பது குடிப்பவர்களுக்குத் தெரியும். ஆனால் கோட்டை ஏற்றிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று வியாபாரிகள் தரப்பில் சொல்வதையும் அப்படியே ஏற்க முடியாது. விற்பனைத் தொகையை வைத்து வயிற்றுக்கு வரும் ஆபத்தை அளக்க முடியாது என்பதுதான் அடிப்படைச் சிக்கல். முறுக்கு, அப்பளம், வடகம் எல்லாம் ஈரம் வற்றிய பண்டங்கள். கிருமி அவற்றில் எளிதில் பெருகாது. மாதம் மூன்று லட்சத்துக்கு முறுக்கு விற்றாலும், திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயைத் தவிரப் பெரிய கவலை இல்லை. பச்சை முட்டையில் அடித்த மயோனைஸை நாளுக்கு ஆயிரம் ரூபாய்க்கு விற்பவரோ ஒரு தெருவையே மருத்துவமனைக்கு அனுப்பலாம். 2011 விதிகளின்படி முறுக்குக்காரர் உரிமம் எடுக்க வேண்டியவர், மயோனைஸ்காரர் 100 ரூபாய்ச் சான்றுக்காரர். சிறு வியாபாரிக்கு நாளுக்கு 100 கிலோ உற்பத்தி, 500 லிட்டர் பால், 50 கோழி என்று அளவுக் கட்டுப்பாடுகளும் விதியில் இருந்தன என்பதைச் சொல்லியாக வேண்டும். அவையும் எவ்வளவு என்பதைத்தான் கேட்டன. என்ன பண்டம், எப்படிச் செய்கிறாய், எத்தனை மணி நேரம் வெளியே வைத்திருக்கிறாய் என்ற கேள்விகள் வகைப்பாட்டுக்குள் வரவில்லை.

நடந்தவற்றைப் பார்க்கலாம். 2021 செப்டம்பரில் ஆரணியில் ஓர் அசைவ உணவகத்தில் குடும்பத்தோடு சாப்பிட்ட 10 வயதுச் சிறுமி இறந்தாள். 2022 மே மாதம் கேரளத்தின் காசர்கோடு மாவட்டம் செறுவத்தூரில் ஷவர்மா சாப்பிட்ட 16 வயது மாணவி இறந்தாள். ஷிகெல்லா என்ற பாக்டீரியா காரணம் என்று சோதனையில் தெரிந்தது. 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் 14 வயதுச் சிறுமி, அதுவும் ஷவர்மா. மூன்றிலும் கூடவே சாப்பிட்ட பலர் மருத்துவமனையில் கிடந்தார்கள். மூன்றுக்குப் பிறகும் ஒரே காட்சி: மாநிலம் முழுக்கத் திடீர் ஆய்வு, கிலோ கணக்கில் கெட்டுப்போன இறைச்சி பறிமுதல், பினாயில் ஊற்றி அழிக்கும் படம், சில கடைகளுக்குப் பூட்டு. இரண்டு வாரத்தில் செய்தி அடங்கிவிடும்.

ஷவர்மாவில் என்ன நடக்கிறது என்பது ரகசியம் இல்லை. கம்பியில் செருகிய இறைச்சி அடுக்கின் வெளிப்புறம் வேகும், உட்புறம் வெதுவெதுப்பாகவே இருக்கும். சூடான உணவு 60 டிகிரிக்கு மேலும், குளிர்ந்தது 5 டிகிரிக்குக் கீழும் இருக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பில் அரிச்சுவடி. இடைப்பட்ட வெப்பத்தில்தான் கிருமி பெருகும். கூட்டம் வரும் நேரத்தில் மாஸ்டர் வேகாத அடுக்கையும் சேர்த்துச் சீவிவிடுகிறார். கூட்டம் வராத நாளில் மீந்த அடுக்கு மறுநாள் மறுபடி கம்பியில் ஏறுகிறது. இதில் எதையும் உரிமத்துக்கான விண்ணப்பப் படிவம் தடுக்காது. மாலை ஏழு மணிக்கு ஒருவர் வெப்பமானியோடு வந்து நின்றால் தடுக்கலாம்.

ஆனால் இப்படி ஒரு மரணம் நடந்தால் தொலைக்காட்சி விவாதத்தில் எழும் முதல் கேள்வி, “கடைக்கு லைசென்ஸ் இருந்ததா?” செறுவத்தூர்க் கடைக்கு இல்லை என்று செய்திகள் வந்தன. இருந்திருந்தால் இறைச்சி வெந்திருக்குமா?

லைசென்ஸ் என்று பேச்சுவழக்கில் சொல்லப்படும் அந்த எண்ணுக்கு 14 இலக்கங்கள். முதல் இலக்கம் 1 என்றால் உரிமம், 2 என்றால் பதிவு. அடுத்த இரண்டு மாநிலத்தைக் குறிக்கும், தமிழ்நாட்டுக்கு 24. அதற்கடுத்த இரண்டு, வாங்கிய ஆண்டு. மிச்சம் அலுவலரின் குறியீடும் வரிசை எண்ணும். 2022 ஜனவரி 1 முதல் பில்லிலும் இந்த எண்ணை அச்சிட வேண்டும் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் உத்தரவிட்டது. வாடிக்கையாளர் அதைப் பார்த்து, அரசாங்கம் சோதித்து ஒப்புதல் கொடுத்த கடை என்று நினைத்துக்கொள்கிறார். உண்மையில் அந்த 14 இலக்கங்களில் கடையின் சுத்தத்தைப் பற்றி ஒரு இலக்கம்கூட இல்லை. யார், எந்த ஊர், எந்த ஆண்டு, எந்த அலுவலகம் என்ற விவரம்தான் அதில் இருக்கிறது. கடைக்கு அது ஒரு கதவிலக்கம்.

கதவிலக்கம் வேண்டாம் என்று யாரும் சொல்லப்போவதில்லை. ஒரு ஊரில் யார் யார் சமைத்து விற்கிறார்கள் என்பது அரசுக்குத் தெரிந்திருக்க வேண்டும். சிக்கல், அந்த எண்ணைத் தருவதையே பாதுகாப்பு வேலை என்று எண்ணிக்கொள்வதில் இருக்கிறது. எண் வாங்கும் இடத்தில் கெடுபிடி, வாங்கிய பிறகு ஏறக்குறைய மௌனம் என்ற இன்றைய ஏற்பாட்டைத் தலைகீழாக்க வேண்டும். வாசலை அகலத் திறந்துவிட்டு, அடுப்படியை அடிக்கடி பார்க்க வேண்டும்.

கணக்குத் தணிக்கையாளர் இந்தக் குறையை 2017-லேயே எழுதிவைத்துவிட்டார். உணவுப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறையில் எப்படி இருக்கிறது என்று ஆராய்ந்த தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை, தான் சோதித்த உரிமக் கோப்புகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் ஆவணங்கள் முழுமையாக இல்லை என்றது. உணவு மாதிரிகளைச் சோதிக்கும் 72 மாநில ஆய்வகங்களில் 65-க்குத் தேசிய அங்கீகாரம் இல்லை என்றும் சொன்னது. ஆவணக் கெடுபிடியும் ஒழுங்காக இல்லை, ஆய்வும் ஒழுங்காக இல்லை என்றால் அந்த எண் எதற்குச் சாட்சி? அதற்குப் பிறகு நிலைமை தேறியிருக்கிறது என்பது உண்மை. மாநிலங்களின் உணவுப் பாதுகாப்புக் குறியீட்டில் 2021-22-ல் பெரிய மாநிலங்களில் தமிழ்நாடு முதலிடம் பிடித்தது. அந்தக் கணக்காண்டின் நடுவில்தான் ஆரணியும் வருகிறது.

சட்டத்தை வகுத்தவர்கள் எளியவரை வதைக்க நினைத்தார்கள் என்று சொல்ல முடியாது. விதிகளைப் படித்தால் நேர்மாறாகத்தான் தோன்றும். பதிவுக்கு விண்ணப்பித்தால் ஏழு நாளுக்குள் அலுவலர் சான்று தர வேண்டும், அல்லது காரணத்தை எழுத்தில் சொல்லி மறுக்க வேண்டும், அல்லது நேரில் பார்க்க வருகிறேன் என்று அறிவிக்க வேண்டும். மூன்றும் நடக்காவிட்டால் கடையைத் திறந்துகொள்ளலாம். உரிமத்துக்கு இரண்டு மாதம்: அதற்குள் தரவும் இல்லை, மறுக்கவும் இல்லை என்றால் தொழில் தொடங்கலாம் என்று சட்டத்தின் 31-ஆம் பிரிவே சொல்கிறது. அரசு அலுவலகத்தின் தாமதம் குடிமகனுக்குச் சாதகமாக முடியும் இப்படியொரு ஏற்பாடு நம் சட்டங்களில் அபூர்வம். ஆனால் “அறுபது நாள் ஆகிவிட்டது, திறந்துவிட்டேன்” என்று சொல்லத் துணிந்த டிபன் கடைக்காரரை எங்கே தேடுவது? பிரிவு எண்ணைச் சொல்லி வாதாடினால் அடுத்த ஆய்வில் என்ன நடக்கும் என்ற பயம் அவருக்கு இருக்கிறது. லஞ்ச ஒழிப்புப் போலீசார் விரிக்கும் வலையில் உணவுப் பாதுகாப்பு அலுவலர்களும் அவ்வப்போது சிக்குகிறார்கள் என்பதைப் பத்திரிகை படிப்பவர்கள் அறிவார்கள். பயம் கற்பனையில் முளைத்ததில்லை.

இனி அந்த 100 ரூபாய்ப் பதிவு. வீட்டில் முறுக்கும் அதிரசமும் சுட்டு விற்க நினைக்கும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். கொரோனா ஊரடங்குக்குப் பிறகு இப்படிப்பட்டவர்கள் ஊருக்கு ஊர் பெருகினார்கள்: கேக், இட்லி மாவு, சாம்பார்ப் பொடி, ஞாயிற்றுக்கிழமை பிரியாணி. வாட்ஸ்அப்பில் ஆர்டர், பக்கத்து வீட்டுப் பையன் டெலிவரி. இவர்களும் சட்டப்படி உணவுத் தொழில் செய்பவர்களே, பதிவு வேண்டும். 2020 ஜூன் முதல் தமிழ்நாட்டில் இதற்கான விண்ணப்பம் ஃபாஸ்காஸ் என்ற இணையதளத்தில். புகைப்படம், அடையாள அட்டை, முகவரிச் சான்று, 100 ரூபாய். எளிதுதான்.

எளிதென்றால் ஏன் ஈ-சேவை மையத்து வாசலிலும் ஜெராக்ஸ் கடையிலும் “ஃபுட் லைசென்ஸ் எடுத்துத் தரப்படும்” என்ற பலகை தொங்குகிறது? இணையத்தில் தேடினால் அரசுத் தளத்துக்கு முன்னால் ஏன் தனியார் முகவர்களின் பக்கங்கள் வரிசைகட்டி நிற்கின்றன? படிவம் தொழிலை வகைப்படுத்தச் சொல்கிறது. முறுக்கு உற்பத்தியா, சில்லறை விற்பனையா, உணவுச் சேவையா? எந்த உணவு வகை? தேர்வு தவறினால் விண்ணப்பம் திரும்பிவரும், எதற்குத் திரும்பியது என்பதும் ஆங்கிலத்தில் வரும். முறுக்கு சுடுபவர் ஆயிரமோ இரண்டாயிரமோ கொடுத்து முகவரிடம் போய்விடுகிறார். அரசு விதித்த கட்டணத்தைப் போல் பத்து இருபது மடங்கு அது, அரசுக்குப் போகாத பணம்.

அதைவிடப் பெரிய தடை வீட்டுக்காரர். பெரும்பாலோர் வாடகை வீட்டில் இருப்பவர்கள். முகவரிச் சான்றுக்கு வாடகை ஒப்பந்தம் வேண்டும், சில சமயம் உரிமையாளரின் ஆட்சேபம் இல்லை என்ற கடிதம் வேண்டும். வீட்டில் தொழில் நடக்கிறது என்று எழுதிக் கொடுத்தால் சொத்துவரி ஏறுமோ, மின் இணைப்பை வணிகக் கட்டணத்துக்கு மாற்றிவிடுவார்களோ, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கிடைக்கும் 100 யூனிட் இலவசம் போய்விடுமோ என்று வீட்டுக்காரர் கணக்குப் போடுகிறார். “சுட்டு வித்துக்கம்மா, பேப்பர்ல மட்டும் கையெழுத்து கேட்காதே” என்பது பல தெருக்களில் கேட்கும் பதில். அந்தப் பெண் பதிவில்லாமலே தொழிலைத் தொடர்கிறார். பதிவில்லாததால் மளிகைக் கடையில் பாக்கெட் போட்டு வைக்க முடியாது, டெலிவரி செயலிகளில் சேர முடியாது, தொழில் கடன் கேட்க முடியாது. பாக்கெட் போடுவதென்றால் எடை, தயாரித்த தேதி, சேர்மானப் பட்டியல் அச்சிட்ட லேபிள், சட்டமுறை எடையளவு விதிகளின் கீழ் இன்னொரு பதிவு என்று அடுத்த படி காத்திருக்கிறது. நல்ல எண்ணெயில் சுத்தமாகச் சுடும் முறுக்கு இப்படி மறைவிலேயே விற்பனையாகிறது.

செயலிகளின் விஷயத்தில் அரசு ஒருமுறை கறாராக இருந்தது. 2018-ல் உணவு டெலிவரி நிறுவனங்களை ஆணையம் அழைத்து, உரிமமோ பதிவோ இல்லாத உணவகங்களைப் பட்டியலிலிருந்து எடுக்கச் சொன்னது. சில மாதங்களுக்குள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உணவகங்கள் நீக்கப்பட்டன. எண் வாங்கியவர்கள் திரும்பிவந்தார்கள். எண் வந்ததால் அவர்களின் சமையலறை மாறியதா என்று கேட்க யாருக்கும் நேரம் இருக்கவில்லை.

சட்டத்தின் வலை எவ்வளவு அகலம் என்பதற்கு ஒரு சின்ன விஷயம். உணவுத் தொழில் என்பதற்கான விளக்கத்தில் “லாபத்துக்காக இருந்தாலும் இல்லாவிட்டாலும்” என்று போட்டிருக்கிறார்கள். சமய, சமூக நிகழ்ச்சிகளில் உணவு வழங்குபவரும் 2011 விதிகளில் சிறு வியாபாரி என்ற தலைப்பில் வருகிறார். ஆடி மாதம் கூழ் ஊற்றும் தெருக்காரர்கள் எல்லாரும் 100 ரூபாய் கட்டிப் பதிவு செய்திருக்க வேண்டும்! யாரும் செய்வதில்லை, யாரும் கேட்பதுமில்லை. கேட்க முடியாததைச் சட்டத்தில் எழுதிவைத்தால், கேட்க வேண்டிய இடத்திலும் சட்டம் மழுங்கிப்போகும். பெரிய கோயில்களின் பிரசாத மடைப்பள்ளிகளையும் அன்னதானக் கூடங்களையும் பதிவுக்குள் கொண்டுவந்து தரச்சான்று தரும் வேலை தமிழ்நாட்டில் நடந்திருக்கிறது, அது நியாயம். நாள்தோறும் நூற்றுக்கணக்கானோர் சாப்பிடும் இடத்தையும் தெருக்கோடிக் கூழ்ப்பானையையும் ஒரே வரியில் அடைத்ததுதான் கோளாறு.

புதுப்பித்தலிலும் ஒரு வேடிக்கை இருந்தது. 2011 விதிகளின்படி காலாவதிக்கு முப்பது நாள் முன்பே விண்ணப்பிக்க வேண்டியிருந்தது, தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் தாமதக் கட்டணம். ஒரு வருடப் பதிவுக்கு என்ன தொகையோ, அதே தொகை ஒரு நாள் மறதிக்கு. நினைவூட்டும் குறுஞ்செய்தி ஆங்கிலத்தில் வரும், முகவரின் கைப்பேசி எண்ணுக்கு வரும். விண்ணப்பத்தில் அவர் தன் எண்ணைத்தானே கொடுத்திருப்பார்.

மற்ற உரிமங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும், ஏனென்றால் அந்தப் பட்டியலே ஆளை அசத்திவிடும். உட்கார்ந்து சாப்பிடும் உணவகம் என்றால் உள்ளாட்சியின் தொழில் உரிமம், சுகாதாரச் சான்று, இடத்தின் அளவைப் பொறுத்துத் தீயணைப்புத் துறையின் சான்று, 1958-ஆம் ஆண்டின் உணவு நிறுவனங்கள் சட்டப்படி தொழிலாளர் துறையில் பதிவு, 19 கிலோ வணிக சிலிண்டருக்கான இணைப்பு. ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு காலாவதித் தேதி. ஒரே சமையலறையை நான்கு துறைகள் நான்கு கோப்பில் பார்க்கின்றன, ஒரு துறை கண்ட குறை இன்னொன்றுக்குத் தெரிவதில்லை. சுகாதார ஆய்வாளரும் உணவுப் பாதுகாப்பு அலுவலரும் வேறு வேறு ஆட்கள் என்பதே பல கடைக்காரர்களுக்குப் புரிவதில்லை. யார் வந்தாலும் “ஃபுட் இன்ஸ்பெக்டர் வந்துட்டார்” என்பதுதான்.

தள்ளுவண்டிக்காரரின் கதை வேறு. 2014-ல் வந்த தெரு வியாபாரிகள் சட்டம், கணக்கெடுப்பு முடியும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது என்றும், நகர விற்பனைக் குழுவில் நாற்பது விழுக்காடு வியாபாரிகளே இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. விற்பனைச் சான்று தருவது அந்தக் குழுவின் வேலை. 2011 விதிகளின்படி உணவுப் பதிவு தந்தது இன்னொரு துறை. இரண்டும் ஒரே அட்டையில் வந்திருந்தால் இட்லி வண்டிக்காரருக்கு எவ்வளவு வசதி! அவருக்கு உண்மையில் வேண்டியது குழாய்த் தண்ணீரும் கழிவுநீர் ஊற்ற ஒரு இடமும். விதிமுறையின் நான்காம் அட்டவணை குடிக்கத் தகுந்த தண்ணீரில்தான் சமைக்க வேண்டும், பாத்திரம் கழுவ வேண்டும் என்கிறது. தெருமுனையில் அந்தத் தண்ணீரைக் கொடுக்க வேண்டிய மாநகராட்சிக்கு அந்த அட்டவணை எந்த நிபந்தனையும் விதிக்கவில்லை. சிங்கப்பூர் அறுபதுகளின் இறுதியில் தெரு வியாபாரிகளைப் பதிவு செய்தபோது அடுத்த வேலையாகக் குழாயும் வடிகாலும் உள்ள உணவங்காடிகளைக் கட்டி, எண்பதுகளின் நடுவுக்குள் அவர்களை அங்கே குடியமர்த்தியது. அந்த அங்காடிகளில் தோசையும் புரோட்டாவும் விற்கும் தமிழர்களும் உண்டு. பதிவு அங்கே ஒரு தொடக்கமாக இருந்தது.

வணிகர் சங்கங்கள் இந்தச் சட்டத்தை ஆரம்பம் முதல் எதிர்த்தன. உரிமம் எடுக்கக் கொடுத்த கெடு திரும்பத் திரும்பத் தள்ளிப்போய்க் கடைசியில் 2016 மே 4-ல்தான் நின்றது. அவர்கள் வாதத்தில் பாதி சரி. சாலையோரக் கடைக்கும் பன்னாட்டு நிறுவனத்துக்கும் ஒரே சட்டமா என்று கேட்டது நியாயம். ஆனால் எதிர்ப்பு முழுவதும் உரிமக் கட்டணத்தையும் தண்டனையையும் சுற்றியே இருந்தது. சமையலறை ஆய்வின் முடிவை மக்கள் பார்வைக்கு வைப்போம் என்று எந்தச் சங்கமும் முன்வந்து சொன்னதாகத் தெரியவில்லை. சுத்தமான கடைக்கு அதைவிடப் பெரிய விளம்பரம் எது?

லண்டன் ஈஸ்ட் ஹாமில் தமிழர் நடத்தும் இட்லிக் கடைகளின் கண்ணாடிக் கதவில் பச்சையும் கறுப்புமாக ஒரு ஒட்டுத்தாள் இருக்கும். சுழியத்திலிருந்து ஐந்து வரை ஒரு மதிப்பெண். பிரிட்டனில் உணவுக் கடை தொடங்குபவர் 28 நாள் முன்னதாக உள்ளாட்சியிடம் பதிவு செய்ய வேண்டும். கட்டணம் கிடையாது, பதிவை மறுக்கும் அதிகாரமும் உள்ளாட்சிக்குக் கிடையாது. இறைச்சி, பால் பொருள்களைத் தயாரித்து மொத்தமாக அனுப்பும் இடங்களுக்குத்தான் தனி அனுமதி. கெடுபிடி பிறகு தொடங்குகிறது: அலுவலர் சொல்லாமல் வருகிறார், சமையலறையைப் பார்க்கிறார், மதிப்பெண் போடுகிறார். வேல்ஸில் 2013 முதலும் வட அயர்லாந்தில் 2016 முதலும் அந்த ஒட்டுத்தாளை வாசலில் ஒட்டியே ஆக வேண்டும். இங்கிலாந்தில் கட்டாயம் இல்லை, ஆனால் இணையத்தில் எவரும் பார்க்கலாம். ஒட்டாத கடையைக் கண்டால் வாடிக்கையாளருக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது. அந்த நாட்டிலும் உணவு நஞ்சாகாமல் இல்லை, ஆய்வாளர் பற்றாக்குறை என்ற புலம்பலும் உண்டு. ஆனாலும் சாப்பிடப் போகிறவர் கையில் அங்கே ஒரு தகவல் இருக்கிறது.

நம்மிடமும் சுகாதார மதிப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. ஆனால் அது விருப்பத்தின் பேரில். கடைக்காரர் கேட்டால்தான், தணிக்கை நிறுவனம் வந்து மதிப்பிடும். நல்ல மதிப்பெண் வாங்கும் நம்பிக்கை உள்ளவர் மட்டும்தான் கேட்பார். மீந்த ஷவர்மாவை மறுநாள் ஏற்றுபவர் ஏன் கேட்கப்போகிறார்?

உரிமம் கொடுப்பதை எளிதாக்கினால் கண்டவர்களும் கடை திறப்பார்கள், மரணம் கூடும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். அஞ்சுபவர்கள் கவனிக்க வேண்டியது, கண்டவர்களும் ஏற்கெனவே திறந்துதான் இருக்கிறார்கள் என்பது. இன்று ஒரு உணவுப் பாதுகாப்பு அலுவலருக்குப் பெரும்பாலும் ஒரு வட்டாரமோ ஒரு நகராட்சியோ ஒப்படைக்கப்படுகிறது. அவரே விண்ணப்பத்தைப் பார்க்க வேண்டும், மாதிரி எடுக்க வேண்டும், வழக்கு எழுத வேண்டும், திருவிழாப் பணிக்குப் போக வேண்டும், புகையிலைப் பொருள் சோதனைக்கும் போக வேண்டும். பதிவுக் காகிதங்களைக் கணினியே முடித்துவிட்டால் மிஞ்சும் நேரத்தில் அவர் அடுப்படிக்குப் போகலாம். அபாயம் குறைந்த சில வகைத் தொழில்களுக்கு விண்ணப்பித்த உடனே எண் தரும் வழியை ஆணையமே அண்மை ஆண்டுகளில் திறந்திருக்கிறது. அதை முறுக்கு, ஊறுகாய், மசாலாப் பொடி செய்யும் வீட்டுத் தொழில்களுக்கும் முழுமையாக நீட்டலாம். வீட்டுக்காரரின் கடிதத்தைக் கேட்பதை அறவே விட்டுவிடலாம். அதனால் முறுக்கின் சுத்தம் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. பச்சை முட்டை, இறைச்சி, பால் கையாளும் இடங்களுக்கோ, விற்பனை எவ்வளவு குறைவாக இருந்தாலும், எண் கொடுத்த ஒரு மாதத்துக்குள் நேரில் பார்ப்பதைக் கட்டாயமாக்க வேண்டும்.

தண்டிக்கும் ஆயுதங்களும் சட்டத்தில் குறைவில்லை. 32-ஆம் பிரிவின்படி முதலில் குறைகளைச் சுட்டி மேம்பாட்டு அறிவிப்பு, சரிசெய்யாவிட்டால் உரிமம் நிறுத்தம். உடனடி ஆபத்து என்றால் 34-ஆம் பிரிவின்படி அவசரத் தடை. கெட்ட உணவால் உயிர்போனால் குடும்பத்துக்கு 5 லட்சத்துக்குக் குறையாமல் இழப்பீடு என்கிறது 65-ஆம் பிரிவு. 40-ஆம் பிரிவு சாப்பிடுபவருக்கே ஓர் உரிமை தருகிறது: வாங்கிய உணவைக் கட்டணம் செலுத்திப் பகுப்பாய்வாளரிடம் கொடுத்துச் சோதிக்கலாம். இந்தக் கடைசிப் பிரிவைக் கேள்விப்பட்டவர்கள் ஒரு ஊரில் எத்தனை பேர் தேறுவார்கள்? இருப்பதைப் பயன்படுத்தாமல் தடை உத்தரவுகளின் பக்கம் அரசு சாய்ந்துவிடுகிறது. 2024 பிப்ரவரியில் ரோடமின்-பி என்ற சாயம் கலந்ததற்காகப் பஞ்சுமிட்டாய்க்குத் தடை, 2025 ஏப்ரல் 8 முதல் பச்சை முட்டை மயோனைஸுக்கு ஓராண்டுத் தடை. இரண்டுக்கும் காரணம் இருந்தது. ஆனால் தடையை மீறுகிறார்களா என்று பார்க்கவும் யாராவது கடைக்குள் நுழைந்துதானே ஆக வேண்டும்?

இதில் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியது அதிகம் இல்லை. அலுவலர்கள் ஆய்வுக்குப் போகும்போது கைப்பேசிச் செயலியில் புள்ளிவிவரத்தையும் படத்தையும் பதிவேற்றும் முறை சில ஆண்டுகளாகவே இருக்கிறது. அந்தத் தகவல் துறையின் கணினியில் கிடக்கிறது. கடைக்காரருக்குத் தெரியும், அலுவலருக்குத் தெரியும், மேசைக்கு வந்து உட்காருகிறவருக்கு மட்டும் தெரியாது. கடைசியாக வந்த தேதி, கண்ட குறைகள், சரிசெய்யக் கொடுத்த கெடு என்று ஒரு பக்கத் தமிழ்த் தாள் போதும். ஒரு மாவட்டத்தில், ஷவர்மாவும் கிரில் சிக்கனும் விற்கும் கடைகளில் மட்டும் தொடங்கிப் பார்க்கலாம். அந்தக் கடைகள் மாலையில் திறப்பதால் அலுவலரின் பணி நேரத்தையும் மாற்றியாக வேண்டும். தாளைக் கல்லாவுக்குப் பின்னால், சாமி படத்துக்கு அடியில் மாட்டினால் பயனில்லை. தெருவில் நிற்பவர் கண்ணில் படும்படி, விலைப்பட்டியலுக்குப் பக்கத்தில் ஒட்டச் சொல்ல வேண்டும்.